ஏழாம் பக்கத்தில் ஒரு கூரை

1

இந்தக் கதையின் முதல் வடிவம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. எகி-அரிக் ஊராட்சியின் சென்ற ஆண்டுச் செயல்பாடு, சேவைகள், வரவு செலவு பற்றிய அறிக்கை, ஏழாம் பக்கம். எழுதியவர் பெயர் அதில் கிடையாது. எழுதியவள் நான்தான்.

பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"பாலர் பள்ளியின் கூரை முழுவதுமாக மாற்றப்பட்டது. புதிய கணப்பு அடுப்பு காலை ஆறு மணிக்கே மூட்டப்படுவதால், குழந்தைகள் வந்து சேரும்போது கூடம் இளஞ்சூடாக இருக்கிறது. சுவர்களுக்கு வெளிர்மஞ்சள் பூசப்பட்டுள்ளது. முப்பத்தெட்டுக் குழந்தைகள் மதிய உணவுக்குப் பின் காலணிகளை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு உறங்குகிறார்கள்."

இதில் முப்பத்தெட்டு என்ற எண் மட்டும் உண்மை. நவம்பரின் முதல் கனத்த பனியில் அந்தக் கூரை நடுக்கூடத்தின் மேல் இறங்கி உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமையானதால் உள்ளே யாரும் இல்லை. அன்றிலிருந்து கதவு பூட்டிக் கிடக்கிறது. டிசம்பரில் நான் இதை எழுதியபோது அது எனக்குத் தெரியும். என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும்.

(வெளிர்மஞ்சள் என் யோசனை. நீலம் என்று போடலாமே என்று ஊராட்சித் தலைவர் கேட்டார். மஞ்சள்தான் கதகதப்பு என்று நான் விடாப்பிடியாக நின்றேன். யாரும் பூசாத வண்ணத்துக்காக அரைமணி நேரம் வாதாடியவள் நான்.)

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெயர் புருலாய். ஊராட்சி மன்றத்தின் செயலர். கூட்டக் குறிப்பு எழுதுவதும் தட்டச்சு செய்வதும் என் வேலை. மாவட்டச் செய்தித்தாளில் வெள்ளிக்கிழமைதோறும் குடும்பத் தொடர்கதையும் எழுதுகிறேன். ஐந்து கதைகள் முடிந்தன. ஐந்திலும் கடைசி வாரம் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து தேநீர் குடிப்பார்கள். இதில் குடிக்க மாட்டார்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன், அதற்காகக் காத்திருப்பவர்கள் எழுந்து போகலாம்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "மே மாதம் மலையிலிருந்து சேறு இறங்கி, மேய்ச்சல் நிலத்துக்குப் போகும் பாலத்தை அடித்துக்கொண்டு போனது." நல்ல தொடக்கம்தான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் மூன்றாவது பத்தியிலேயே வாசகர் பாலத்தின் பக்கம் சாய்ந்துவிடுவார். பாலம் கண்ணுக்குத் தெரிகிற பொருள். தூங்க இடமில்லாத குழந்தை அப்படியல்ல, யாராவது ஒருத்தியின் இடுப்பில் ஏறிக்கொண்டு மறைந்துவிடுகிறது.

இரண்டாவது: "அவர் ஒரு பொய்யர், அவருடைய —" இதை முடிக்கவில்லை. ஐந்தாம் பகுதியில் காரணம் சொல்கிறேன்.

மூன்றாவது: "எங்கள் ஊராட்சித் தலைவர் ——————— அவர்கள்," இங்கே நின்றுவிட்டேன். ஏனென்றால் அவர் என் கணவரின் அண்ணன், என் மூத்தார். கணவன் வீட்டு மூத்தவர்களின் பெயரை எங்கள் ஊர் மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். உங்களில் சிலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

* அவர் பெயர் ஓர் உலோகத்தின் பெயரும்கூட. அதனால் என் ஐந்து கதைகளிலும் அந்த உலோகம் கிடையாது. என் கதாநாயகர்கள் எல்லோரும் மரக்கட்டிலில்தான் படுத்தார்கள்.

பதினொரு ஆண்டுகளாகக் கூட்டத்தில் பெயர்ப் பட்டியல் வாசிக்கிறேன். அவர் பெயர் வரும் இடத்தில் நிறுத்துவேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணக்கர் ஓரோஸ்பெக் அந்தப் பெயரைச் சொல்வார். நான் அடுத்த பெயருக்குப் போவேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆகவே இந்தக் கதையின் முக்கியமான மனிதருக்குப் பெயர் இல்லை. இதைப் புதுமை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

3

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பாலர் பள்ளிக் கூரையை மாற்ற மாவட்டம் நாலு லட்சத்து எண்பதாயிரம் சோம் ஒதுக்கியிருந்தது. கோடையில் வேலை ஆரம்பிப்பதாக ஏற்பாடு. மே மாதம் பாலம் போயிற்று. பாலம் இல்லாவிட்டால் மந்தைகள் மலைக்கு ஏற முடியாது. கீழே ஜூன் மாதத்திலேயே புல் கருகிவிடும்.

அந்த வாரம் ஊரில் இறந்துபோன ஒருவருக்கு நினைவு விருந்து. முந்நூறு பேர். இறைச்சி தீர்ந்து, தேநீர் வந்தபோது பேச்சு பாலத்துக்குப் போனது. இடையர்களின் சார்பில் மன்ற உறுப்பினர் துர்தாகுன் எழுந்து, கூரைப் பணத்தைப் பாலத்துக்குப் போடலாம், கூரை இன்னொரு குளிர்காலம் தாங்கும் என்றார். எல்லோருக்கும் சரியென்று பட்டது. விருந்துக்குத் தலைமை வகித்தவர் ஆசி சொன்னார். முந்நூறு பேரும் உள்ளங்கைகளை விரித்துக் கேட்டு, முகத்தில் தடவிக்கொண்டோம். நானும் தடவிக்கொண்டேன்.

எங்களைப் பொறுத்தவரை அத்தோடு தீர்மானம் நிறைவேறிவிட்டது. அதற்குமேல் கையெழுத்து கேட்டால் ஆசியைச் சந்தேகிப்பதாகும். யாரும் கேட்கவில்லை. மூத்தார் மறுநாளே ஆள் பிடித்துப் பதினெட்டு நாளில் பாலத்தைக் கட்டி முடித்தார். மந்தைகள் ஏறின. காகிதத்தில் பணம் கூரைத் தலைப்பிலேயே கிடந்தது.

டிசம்பரில் அந்தத் தலைப்புக்குக் கணக்கு காட்ட வேண்டிவந்தது. மூத்தார் எண்கள் எழுதிய தாளுடன் என் மேசைக்கு வந்தார். அறிக்கை முழுவதையும் என்னையே எழுதச் சொன்னார். குடிநீர், தெருவிளக்கு, குப்பை எல்லாம் எழுதினேன். முதல் ஆறு பக்கங்களில் ஒரு சொல் பொய்யில்லை. ஏழாவதுக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன்.

"கூரை போட்டாச்சுன்னு எழுது," என்றார்.

"போடலையே, மாமா."

"நீதான் இல்லாத வீட்டுல இல்லாத குடும்பத்த குடிவெச்சு வாராவாரம் அழவைக்கிறியே. ஒரு கூரை போட மாட்டியா?"

ஓரோஸ்பெக் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எழுதினேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எழுதும்போது எனக்கு வருத்தமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. காலணிகள் வரிசையாக என்ற வாக்கியம் வந்ததும் எழுந்துபோய் ஒரு தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். என் ஐந்து கதைகளில் எதிலும் இவ்வளவு குறைவான சொற்களில் இவ்வளவு கதகதப்பை நான் கொண்டுவந்ததில்லை.

4

ஜனவரியில் மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் வரைவு அறிக்கை தெளிவாகவும் உயிரோட்டமாகவும் இருப்பதாகப் பாராட்டு. அதற்குக் கீழே ஒரு வரி: பணி நிறைவடைந்ததால் எகி-அரிக் பாலர் பள்ளி, பழுதுபார்க்கும் கட்டடங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது, மறுபடி விண்ணப்பிக்க ஐந்து ஆண்டுகள் ஆக வேண்டும். பிப்ரவரியில் ஊராட்சி மன்றம் அறிக்கையை ஏற்றுக்கொண்டதும் இது உறுதியாகும்.

அதாவது போட்டுவிட்ட கூரைக்கு மறுபடி பணம் கேட்க முடியாது. போட்டவள் நான்.

அறிக்கையின் பிரதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. ஒருநாள் காலை அதன் முன்னால் மைரம்குல் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நகரத்து ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவள். பிள்ளையை விட இடமில்லாமல் போனதும் வேலையை விட்டுவிட்டாள். மகள் அவள் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

"நல்லாயிருக்கு அக்கா," என்றாள் என்னைப் பார்த்ததும். "இந்தப் பள்ளிக்கூடம் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு. என் புள்ளையக் கொண்டுபோய் சேர்க்கறேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"தூரமா இருந்தாலும் பரவால்ல. பஸ் ஏத்தி விடறேன்."

* எழுத்தாளர்களுக்கு விமர்சனம் பல வடிவங்களில் வரும் என்பார்கள். இது எனக்கு வந்தது.

அன்றைக்கே என் ஓரகத்தி கான்ஷாயிமின் வீட்டுக்குப் போனேன். மூத்தாரின் மனைவி. பத்தொன்பது வருடமாகப் பாலர் பள்ளியின் ஆசிரியை. கூரை விழுந்ததிலிருந்து தன் வீட்டின் இரண்டு அறைகளில் பதினான்கு குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கிறாள், அதற்குமேல் இடமில்லை. சம்பளமும் இல்லை. ஊராட்சித் தலைவரின் கட்டிலில் குறுக்குவாட்டில் ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேசையில் ஒரு தட்டு நிறைய போர்சொக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், சூடு ஆறாமல் இருந்தன. அவள் எனக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"ஏழாம் பக்கத்த படிச்சேன், புருலாய். என் பள்ளிக்கூடத்த நல்லா வெச்சிருக்க."

"அக்கா..."

"மஞ்சளா? எனக்கு நீலம்னு வாக்கு குடுத்திருந்தாரு."

நான் போர்சொக்கைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவருக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். மன்றம் அறிக்கையைத் திருப்தியில்லை என்று சொன்னால் ஏழாம் பக்கம் திரும்பப் பெறப்படும், பள்ளி மறுபடி பட்டியலில் ஏறும், அவர் பதவி போகும், பணத்தை மாற்றியதற்கு விசாரணையும் வரலாம் என்றேன். திருப்தி என்று சொன்னால் எல்லாம் அப்படியே இருக்கும், இந்தப் பதினான்கு பேரும் கட்டிலில் குறுக்கே தூங்கி, பெரிய பள்ளிக்குப் போய்விடுவார்கள். அடுத்து வருகிற பதினான்கு பேருக்கும் இதே கட்டில்தான்.

அவள் ஒரு குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"அவரு என் வீட்டுக்காரரு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்," என்றாள். "உன்ன சொல்லாதேன்னும் சொல்ல மாட்டேன்."

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான். மூத்தாரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். தங்கப்பல் வைத்தேன், புதிய கார் வாங்கிக் கொடுத்தேன்.

நிற்கவில்லை. குப்பை டிராக்டரின் ஓட்டுநர் வேலையை விட்டுப் போனதிலிருந்து சனிக்கிழமைகளில் அந்த டிராக்டரைத் தானே ஓட்டுகிற மனிதர் அவர். குழாய் உறைந்தபோது பனியில் குப்புறப் படுத்து, ஊதுவிளக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் உருக்கியவர். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் "குடிநீர் விநியோகம் தடையின்றி நடைபெற்றது" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு அவர் முழங்கைத் தோல் போயிற்று. இப்படிப்பட்டவருக்குத் தங்கப்பல் பொருந்தவில்லை.

கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். நல்லவர்களோடு சண்டை போடுவதற்குத்தான் துணிச்சல் வேண்டியிருக்கிறது, அதை என் வெள்ளிக்கிழமைக் கதைகள் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போய் அவரிடம் நேராகவே கேட்டேன்.

"ஏழாம் பக்கத்த எடுத்துடலாம், மாமா."

"எடுத்துட்டு அங்க என்ன வைப்ப?"

"நடந்தத."

அவர் எனக்குத் தேநீர் ஊற்றினார். "நடந்தத எழுதினா நான் திருடன். தினமும் பாலத்து மேல நடக்கறவன் ஒருத்தனும் சாட்சிக்கு வரமாட்டான். ஆசி சொன்னோம்னு சொல்லுவான். ஆசிக்கு ஏதும்மா முத்திரை?"

பிள்ளைகள் என்ன ஆவது என்றேன். வேறு தலைப்பில் வாங்கிவிடுவேன், சமையலறை விரிவாக்கம் என்று கேட்கலாம், தனக்கு வழி தெரியும் என்றார்.

"கூரையில்லாத வீட்டுக்குச் சமையலறையா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுக்குள்ள எப்படியாச்சும் செஞ்சுருவேன். நம்பு," என்றார். நான் அவரை நம்புகிறேன். இப்போதும். ஆனால் எப்படியாவது செய்துவிடுகிற மனிதர்களை நம்பித்தான் பாலத்தையும் கூரையையும் ஒரே பணத்தில் கட்டினோம்.

வீட்டில் என் கணவர் எர்மெக், சிறுவயதில் அண்ணன் தோளில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போனதாகச் சொன்னார்.

"அப்ப பாலம் இல்லையா?"

"இல்ல."

"ஆனா பள்ளிக்கூடத்துக்குக் கூரை இருந்துச்சுல்ல?"

அவர் ரொட்டியைப் பிய்த்தபடி இருந்தார். "நீ கதைதானே எழுதற. அதுல எழுதிக்கோ. கூட்டத்துல எதுக்குப் பேசணும்?"

(இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் என்னிடம் இருந்தது. அதை ஒரு முழுப் பக்கம் எழுதி, இங்கே வைத்து, பிறகு எடுத்துவிட்டேன். பொய்யை அறிக்கையில் எழுதிவிட்டு, உண்மையைக் கதையில் எழுதுகிறவளாக நான் இருக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். மிச்சமெல்லாம் அலங்காரம்.)

6

கூட்டக் குறிப்பை நாங்கள் கூட்டத்துக்கு முந்தின நாளே தட்டச்சு செய்துவிடுவோம். பதினொரு வருடமாக அப்படித்தான். "கேட்கப்பட்டது: ஊராட்சித் தலைவரின் ஆண்டறிக்கை. முடிவு: திருப்திகரம். ஒருமனதாக." வந்தவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் ஒரு காலியிடம். யோசித்துப் பார்த்தால் என் மிக நீண்ட தொடர்கதை இதுதான்.

பிப்ரவரி பதினாறாம் தேதி காலை பத்து மணிக்குக் கலாச்சார மண்டபத்தில் பதினைந்து உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். மண்டபத்தின் வெப்பக்குழாய் பழுது. மேடையருகே ஒரு மின்கணப்பு. அதன் வெக்கை முதல் வரிசையோடு தீர்ந்துவிடும். தொப்பியைக் கழற்றாமல், கைகளைக் கோட்டுக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்துகிற மன்றத் தலைவர் தொக்தோசுன், சீக்கிரம் முடித்துவிடலாம், கால் விறைக்கிறது என்றார்.

நான் நிகழ்ச்சி நிரலை வாசித்தேன். "கேட்கவிருப்பது: ஊராட்சித் தலைவர்..." நிறுத்தினேன். ஓரோஸ்பெக் பெயரைச் சொன்னார். "அவர்களின் ஆண்டறிக்கை," என்று முடித்தேன்.

நீங்கள் இந்த இடத்துக்காகக் காத்திருந்திருப்பீர்கள். மருமகள் எழுந்து, மூத்தாரின் பெயரைச் சபையில் உரக்கச் சொல்லி, எல்லோரும் அதிர்ந்து போகிற காட்சி. எனக்கும் அதை எழுத ஆசையாக இருந்தது. ஆனால் அது மலிவான கலகம். அவர் பெயரைச் சொல்லாமல் இருப்பது என் மரியாதை. அவர் அறிக்கை பொய் என்று சொல்வது என் வேலை. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால், அவருக்கு என் குடும்பத்தைத் தெரியாது.

மூத்தார் வாசித்தார். தெருவிளக்குகள், பதினான்கு புதியவை. குடிநீர், நாளுக்கு ஒன்பது மணி நேரம். ஆறாம் பக்கம் முடிந்தது. தாளைத் திருப்பினார். நான் எழுந்து நின்றேன்.

செயலர் எழுந்து நிற்பதில்லை. தொக்தோசுன், ஜன்னலை மூடத்தான் எழுந்தேன் என்று நினைத்து, "மூடித்தாம்மா இருக்கு," என்றார்.

"ஒரு யோசனை, ஐயா. இங்க எல்லாருக்கும் குளிருது. அடுத்த பக்கத்தப் பாத்தேன். ஊர்லயே கதகதப்பான இடம் நம்ம பாலர் பள்ளிதான். காலைல ஆறு மணிக்கே அடுப்பு மூட்டிடறாங்க. மிச்சக் கூட்டத்த அங்க போய் நடத்தலாம்."

பதினைந்து பேருக்கும் அந்தக் கூரை எங்கே கிடக்கிறது என்று தெரியும். ஆனால் அங்கே கூரை இல்லையே என்று ஒருவர் வாயைத் திறந்தால், ஏழாம் பக்கம் அந்த நொடியே செத்துவிடும், கூடவே அதைச் சொன்னவர் எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டிவரும். யாருக்கும் முதல் ஆளாக இருக்க விருப்பமில்லை. துர்தாகுன் தன் பூட்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரோஸ்பெக், பதற்றத்தில் தன் வழக்கப்படி விதிப்புத்தகத்தைத் திறந்து, மன்றக் கூட்டத்தை ஊராட்சியின் எந்தக் கட்டடத்திலும் நடத்தலாம் என்று இருக்கிறது என வாசித்துவிட்டார். வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்குப் புரிந்தது.

மூத்தார் என்னைப் பார்த்தார். கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இந்த வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன்: அவர் கண்களில் வலி இருந்தது, அவர் கண்களில் பெருமிதம் இருந்தது, அவர் கண்கள் — எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். பார்த்தார். தாள்களை மடித்துக் கோட்டுக்குள் வைத்தார்.

"நடங்க," என்றார்.

7

இருநூறு அடி தூரம். பனியில் வரிசையாக நடந்தோம். சாவி கான்ஷாயிமிடம் இருந்தது. அவள் தன் வீட்டு வாசலில் குழந்தைகளோடு நின்றிருந்தாள். கணவரின் கையில் சாவியைக் கொடுத்தாள். அவர் தொப்பி கோணியிருந்ததையும் சரிசெய்துவிட்டாள்.

கதவு பாதிதான் திறந்தது. உள்ளே நடுக்கூடத்தில் முழங்கால் அளவு பனி. உடைந்த ஓடுகளின் முனைகள் பனியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. சுவரில் தாழ்வாக, வரிசையாகக் கோட்டு மாட்டும் கொக்கிகள்; எழுத்து தெரியாத குழந்தைகளுக்காக ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம். ஆப்பிள், மீன், முள்ளெலி. சுவர் பச்சை நிறம். நான் அதை எழுதவே இல்லை.

உள்ளே நுழைந்ததும் துர்தாகுன் வழக்கத்தின்படி தொப்பியைக் கழற்றினார். அண்ணாந்து பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"வாசிங்க," என்றார் தொக்தோசுன், யாரையும் பார்க்காமல்.

மூத்தார் வாசித்தார். கம்மிய குரலில் அல்ல, பாதியில் விழுங்காமல், ஆறு பக்கங்களை வாசித்த அதே குரலில். கூரை முழுவதுமாக மாற்றப்பட்டது. ஒரு காகம் சுவரின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. கூடம் இளஞ்சூடாக இருக்கிறது என்றபோது அவர் வாயிலிருந்து ஆவி வந்தது. யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். காலணிகளை வரிசையாக என்ற இடத்தில் அவர் குரல் ஒரு கணம் நின்றது, கீழே பார்த்தார். பதினெட்டு ஜோடி பூட்சுகள் பனிக்குள் புதைந்திருந்தன. உறங்குகிறார்கள் என்று முடித்தார்.

என் எழுத்தை யாரும் இதுவரை இவ்வளவு நேர்மையாக வாசித்ததில்லை.

"நல்லா எழுதியிருக்க, புருலாய்," என்றார். பிறகு, "பாலம் நிக்குது. அதையும் எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அது உண்மை. இங்கேயும் எழுதியிருக்கிறேன்.

அதற்குள் வேலிக்கு வெளியே தாய்மார்களும், குழந்தைகளோடு கான்ஷாயிமும் சேர்ந்துவிட்டார்கள். யாரும் கூச்சலிடவில்லை. மைரம்குல் மட்டும் மகளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, உடைந்த ஜன்னல் வழியாக துர்தாகுனிடம் நலம் விசாரித்தாள்.

"ஆடெல்லாம் சௌக்கியமா, அண்ணே?"

துர்தாகுன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவருடைய நானூறு ஆடுகளும் சௌக்கியம்தான்.

தொக்தோசுன் தொண்டையைச் செருமினார். "வோட்டுக்கு விடறேன். அறிக்கை திருப்திகரம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

8

இதற்கு முடிவாக எழுதியவை இரண்டு.

முதல் முடிவு வெள்ளிக்கிழமைக்கானது. ஒரு கையும் எழவில்லை. மூத்தார் கண் கலங்கித் தன் தவறை ஒப்புக்கொள்கிறார். இடையர்கள் ஆளுக்குப் பத்து ஆடுகளை விற்றுக் கூரை போட்டுத் தருகிறார்கள். விசாரணை அதிகாரி நல்லவராக அமைந்துவிடுகிறார். கடைசிப் பத்தியில் நீலச் சுவர், ஒரே மேசை, தேநீர். எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே இதமாக இருந்தது. அந்த இதத்தை அடையாளம் கண்டுகொண்டேன். ஏழாம் பக்கத்தை முடித்த அன்று வந்ததும் அதே இதம்தான். கிழித்துவிட்டேன்.

இரண்டாவது, பரிசு வாங்குகிற கதைகளுக்கானது. பதினைந்து கைகளும் எழுகின்றன. நான் பனியில் தனியாக நிற்கிறேன். காகம் கத்துகிறது. இதில் எல்லோரும் கோழைகள், நான் மட்டும் நல்லவள். கூரையை எழுத்தால் போட்டவளே நான்தான் என்பதைக் காகம்கூட மறந்துவிடுகிறது. அதையும் கிழித்தேன்.

உண்மையில் எத்தனை கைகள் எழுந்தன என்று சொல்லுங்களேன் என்கிறீர்கள். சொல்ல மாட்டேன். ஊரின் பெயரை மாற்றியிருக்கிறேன், ஆகவே தேடி வந்து பார்க்கவும் முடியாது. கைகள் எழவில்லை என்றால் நீங்கள் மகிழ்ந்து புத்தகத்தை மூடிவிடுவீர்கள். எழுந்தன என்றால் எங்களைத் திட்டிவிட்டு மூடுவீர்கள். இரண்டிலும் கதை முடிந்துவிடும். முடிந்த வேலை என்று எழுதிய கையோடு ஒரு பள்ளிக்கூடம் பட்டியலிலிருந்து போனதை நான் ஒருமுறை பார்த்தாகிவிட்டது. என் கணவரும் கேட்டுப் பார்த்தார், பத்திரிகை ஆசிரியரும் கேட்டார். முடிவில்லாமல் அச்சிட மாட்டோம் என்றார். அப்படியானால் அச்சிட வேண்டாம் என்றேன். பதினொரு வருடத்தில் அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

ஆகவே தொக்தோசுன் கேட்டுவிட்டார், இன்னும் யாரும் அசையவில்லை. துர்தாகுனின் கைகள் கோட்டின் உள்ளே இருக்கின்றன. மூத்தார் யாருடைய முகத்தையும் பார்க்காமல், முள்ளெலிப் படத்துக்குக் கீழிருக்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அது ஆடுகிறது, ஆணியைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திப் பார்க்கிறார். வேலிக்கு வெளியே பதினான்கு குழந்தைகளில் ஒன்று, வீட்டுக்குப் போகலாமா என்று கான்ஷாயிமைக் கேட்கிறது.

உள்ளே வாருங்கள். ஓரோஸ்பெக்குக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, ஓட்டுத்துண்டு காலில் குத்தும், பார்த்து. கையுறையைக் கழற்றிவிட்டால் எண்ணுவதற்கு வசதி. "ஒருமனதாக" என்று முன்கூட்டியே தட்டச்சு செய்திருந்ததைப் பென்சிலால் அடித்துவிட்டேன், அந்த இடம் காலியாக இருக்கிறது. பாலம் நிற்கிறது, கூரை இல்லை, இந்த மனிதர் நல்லவர், அந்தப் பக்கம் பொய். எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

திருப்திகரம் என்றால் கையைத் தூக்குங்கள். இல்லையென்றால் கீழேயே வைத்திருங்கள். இந்த வரிசையிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறேன்.